ரெண்டு இட்லி, நாலு பட்டாணி: ஒரு ஜூடோ கேம் ஆடப் பழகிய கதை

அக்கா மகளுக்கு ஜூடோ வகுப்பில் கணுக்கால் பிசகிவிட்டது. எதிரே நின்ற பெண்ணின் காலைத் தட்டிவிடப் போயிருக்கிறாள். தட்டியது கொஞ்சம் தாமதம். அதற்குள் அந்தப் பெண் காலை அழுத்தி ஊன்றிவிட்டாள். இவள் பாதம் அந்தக் கால் எலும்பில் மோதித் திரும்பிக்கொண்டது. மூன்று வாரம் மேட் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை மூன்று வாரம் ஓரிடத்தில் எப்படி உட்கார வைப்பது என்று அக்கா தவித்துக்கொண்டிருக்க, "மாமா, கம்ப்யூட்டர்ல ஜூடோ கேம் இருக்கா?" என்று அவளே கேட்டாள்.

தேடிப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். 1980-களில் பிரிட்டனில் மார்ட்டெக் நிறுவனம் 'உச்சி மாட்டா' என்று ஒன்று வெளியிட்டிருக்கிறது, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வாங்கிய பிரையன் ஜாக்ஸின் பெயரோடு. செகாவின் வெர்ச்சுவா ஃபைட்டர் வரிசையில் 2002-லிருந்து கோ ஹினோகாமி என்ற ஜூடோக்காரன் வருகிறான். டோக்கியோ 2020 ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ கேமிலும் ஜூடோ உண்டு. புதிதாக வந்தவை எதுவும் என் ஒன்பது வயது லேப்டாப்பில் ஓடாது. கோ சண்டை போடும் வீடியோவை மட்டும் காட்டினேன். அரை நிமிடம் பார்த்தாள். "குத்துறான் மாமா. ஜூடோல குத்தவே கூடாது." அவ்வளவுதான், கோவின் கதை முடிந்தது.

எனக்குப் பைதான் என்ற கணினி மொழி ஓரளவு வரும். கல்லூரியில் ஒரு வருடம் ஜூடோ போயிருக்கிறேன், மஞ்சள் பெல்ட்டோடு நின்றுபோனது. இந்த இரண்டு அரைகுறை அறிவையும் சேர்த்தால் ஒரு சின்ன கேம் வராதா என்று, பைதானில் கேம் எழுத உதவும் பைகேமில் உட்கார்ந்தேன். செய்து முடிக்க நான்கு இரவுகள். அதை ஆடப் பழகத்தான் மூன்று வாரம் ஆனது.

ஆள் வரையும் திறமை எனக்குக் கிடையாது. அதனால் மேலிருந்து பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு நீள்வட்டம், அதுதான் உடம்பு. கீழே இரண்டு சின்ன வட்டங்கள், அவை பாதங்கள். ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்கு நீலம். திரையைப் பார்த்ததும் அவள் சொன்னது: "ரெண்டு இட்லி, நாலு பட்டாணி." நீல இட்லி எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த கேமுக்கு அதுவே பெயர்.

படம் எப்படி இருந்தாலும் உள்ளே இருக்கும் கணக்கை ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். ஜூடோவில் எறிவதற்கு முன் நிலைகுலைக்க வேண்டும், அதற்குக் குசுஷி என்று பெயர். பிறகு உள்ளே நுழைந்து இடம்பிடிப்பது, கடைசியில்தான் எறிவது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்குக் குசுஷியை விளக்கவே வேண்டாம். கண்டக்டர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, பஸ்ஸின் நீளவாக்கில். பிரேக் போட்டாலும் அசையமாட்டார். அதே ஆள் திருப்பத்தில் மட்டும் கம்பியைப் பிடிப்பார். இரண்டு பாதங்களையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் வாக்கில் ஒருவரைத் தள்ளுவது கடினம், குறுக்கே தள்ளுவது சுலபம். கேமில் நான் எழுதியது இதைத்தான். இட்லியின் நடுவில் ஒரு புள்ளி, அது உடம்பின் எடை. பட்டாணி இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் அதன் வீடு. எதிராளி இழுத்தால் புள்ளி வெளியே போகும், விட்டால் ஸ்பிரிங்போல் திரும்பி வரும். புள்ளி வீட்டைத் தாண்டியிருக்கும் நேரத்தில், அது சாய்ந்திருக்கும் திசைக்குப் பொருத்தமான வீச்சைப் போட்டால் ஆள் விழுவான். முன்னே சாய்ந்தால் செயோய் நாகே, உச்சி மாட்டா. பின்னே மூலையில் சாய்ந்தால் ஓசோட்டோ காரி, ஓஉச்சி காரி. கால் எடுத்து வைக்கும்போது தட்டிவிட டே ஆஷி பராய். ஜூடோவின் தலைமையகமான கோடோகான் ஏற்றுக்கொண்ட வீச்சுகள் 68. நான் எழுதியது ஐந்து.

இடது ஸ்டிக் நடக்க, வலது ஸ்டிக் இழுக்க, தோள் பட்டன் ஜாக்கெட்டைப் பிடிக்க, ஒரே ஒரு பட்டன் வீச.

பழைய கேம்பேட் இரண்டு அலமாரியில் கிடந்தன. இங்கேதான் முதல் தலைவலி. நீல இட்லியை யாரும் தொடாவிட்டாலும் அது மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டே போனது. கணக்கில் தப்பு என்று ஒரு இரவு முழுக்க என் புரோகிராமைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் ஸ்டிக்கின் மதிப்பை அப்படியே திரையில் அச்சடித்துப் பார்த்தால், கை வைக்காமலேயே 0.11 காட்டுகிறது. பேடைத் திறந்து, ஸ்டிக்கின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் இரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, நாலா பக்கமும் ஆட்டி, நன்றாகக் காய விட்டேன். 0.11 என்பது 0.06 ஆனது. முழுசாகப் போகவில்லை. புரோகிராமில் 0.15-க்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் என்று எழுதியபிறகுதான் இட்லி நேராக நின்றது. இன்னொரு பேடில் வேறு கூத்து: ட்ரிகரை அமுக்கினால் கை தானாக இழுத்தது. ஒரு பேடில் வலது ஸ்டிக்கின் அச்சு எண்கள் 2, 3. மற்றதில் 2 என்பது ட்ரிகர், ஸ்டிக் 3, 4. இரண்டு பேடும் ஒரே மாதிரி எண் கொடுக்கும் என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம். கேம் தொடங்கும்போதே "வலது ஸ்டிக்கை ஆட்டு" என்று கேட்டு, எந்த எண் அசைகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன்.

முதல் நாள் மாலை ஆட உட்கார்ந்தோம். 23 ஆட்டம். 23-இலும் தோற்றேன்.

அவள் செய்தது எளிய தந்திரம். வீச்சுப் பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். வீச்சு தவறினால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவே இல்லை. தவறினால் ஒன்றும் ஆகாது, அடுத்ததைப் போடலாம். இதில் குசுஷிக்கு என்ன வேலை? அன்று இரவு மாற்றினேன்: நேரம் தவறி நுழைந்தால், நுழைந்தவனின் எடைப்புள்ளி அரை நொடிக்கு வெளியே நிற்கும், எதிராளி திருப்பி எறியலாம். ஓசோட்டோ காரிக்கு ஓசோட்டோ காயேஷி என்று எதிர்வீச்சு அசலிலும் உண்டு.

மறுநாள் அவள் பட்டனையே தொடவில்லை. இடுப்பை வளைத்து, கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு, நான் எப்போது தவறுவேன் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். நான்கு நிமிடம், பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஆடுதா, இல்ல தூங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கபடியில் இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பி வந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் அவுட் என்று தொழில்முறை லீக்கில் வைத்தார்களே, அப்படி ஒன்றை இங்கும் வைக்கலாம் என்று யோசித்தேன். அதற்கு முன் ஜூடோவில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று சர்வதேச விதிகளைப் புரட்டினால், ஏற்கெனவே இருக்கிறது. தாக்காமல் சும்மா நின்றால் ஷிடோ, அதாவது தண்டனை. குனிந்து வளைந்து தற்காப்பிலேயே இருந்தாலும் ஷிடோ. மூன்று ஷிடோ வாங்கினால் ஹன்சோக்கு மாக்கே, ஆட்டமே போய்விடும். அப்படியே எழுதினேன்.

அதற்கு அடுத்த நாள் அவள் கண்டுபிடித்தது: ஷிடோ வரப்போகும் நேரத்தில், சும்மா ஒரு செயோய் நாகே போடுவதுபோல் முழங்காலில் விழுந்துவிடுவது. தாக்கியதாகக் கணக்கு, எறியப்படவும் வழியில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. விதிப்புத்தகத்தைத் திறந்தேன். பொய்த் தாக்குதலுக்கும் ஷிடோ. அடுத்து, நான் நல்ல பிடி பிடித்ததும் அவள் மேட்டை விட்டு வெளியே நடந்துவிட ஆரம்பித்தாள். வெளியே கால் வைத்தாலும் ஷிடோ. எனக்கும் ஆசை வந்து, குனிந்து இரண்டு கால்களையும் வாரிப் பிடிக்கும் மொரோட்டே காரியை ஆறாவது வீச்சாகச் சேர்த்துக்கொண்டேன். எல்லா ஆட்டத்திலும் அதுவே ஜெயித்தது. பிடிக்கவே வேண்டாம், ஓடிப்போய்க் காலைத் தூக்கினால் போதும். காலைக் கையால் பிடிப்பதை 2010-ல் கட்டுப்படுத்தி 2013-ல் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள் என்று அவள்தான் சொன்னாள், பரீட்சைக்குப் படித்ததுபோல. எடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ராத்திரி பக் (பிழை) என்று குறித்து வைப்பதெல்லாம் அந்த விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கிறது. கல்லூரியில் படித்தபோது ஷிடோ விதிகள் என்றால் நடுவர்கள் தொல்லை கொடுக்கச் செய்த ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். அது முழுக்க முழுக்க பக் லிஸ்ட். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு பதின்மூன்று வயதுப் பெண் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். புள்ளிக்கணக்கு இன்னும் மோசம், மென்பொருள் வெளியீடுபோலவே போயிருக்கிறது. 2009-ல் கோக்கா என்ற சிறு புள்ளியை எடுத்தார்கள். 2017-ல் அதற்கு மேலே இருந்த யூக்கோவை எடுத்தார்கள். அதே 2017-ல் இரண்டு வாசா-ஆரி (அரை வெற்றி) சேர்ந்தால் இப்போன் (முழு வெற்றி) என்பதையும் எடுத்துவிட்டு, 2018-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025-ல் யூக்கோவும் திரும்பி வந்துவிட்டது. ஒரு அப்டேட்டில் எடுத்ததை அடுத்த அப்டேட்டில் திருப்பிப் போடும் வேலையை நானும் ஆபீஸில் நிறையச் செய்திருக்கிறேன்.

விதிகள் சரியானதும் ஆட்டம் ஆட்டமாக மாறியது. நான் தோற்பது மட்டும் மாறவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு விசித்திரம் நடந்தது. அவள் வீச்சே போடாமல் வலது ஸ்டிக்கை முன்னும் பின்னும் ஒரே சீராக ஆட்டினாள். நான்காவது ஆட்டலில் என் எடைப்புள்ளி வீட்டைத் தாண்டிப் பறந்தது. ஸ்பிரிங் என்று எழுதினேன் அல்லவா, ஸ்பிரிங்குக்கு ஒரு சொந்தத் தாளம் உண்டு. என் புரோகிராமில் அது 0.8 நொடி. அந்தத் தாளத்துக்கே தள்ளினால் ஊஞ்சல்போல் ஏறிக்கொண்டே போகும். பக் என்று நோட்டில் எழுதப் போனேன். "இது தப்பில்ல மாமா. மாஸ்டர் இப்படித்தான் செய்வார். தள்ளினா நாம எதிர்த்துத் தள்ளுவோம்ல, அப்ப இழுத்துருவார்" என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மை. மனிதனும் ஒரு ஸ்பிரிங்தான், தள்ளினால் எதிர்த்துத் தள்ளுகிறான். எடுக்காமல், அதிர்வு சீக்கிரம் அடங்கும்படி மட்டும் மாற்றினேன். இப்போது நான்கு ஆட்டல் போதாது, இரண்டு ஆட்டலுக்குப் பின் சரியான வீச்சு வர வேண்டும். இந்த ஒன்றைப் பழகியதும்தான் எனக்கு முதல் இப்போன் கிடைத்தது. தள்ளு, காத்திரு, அவள் திருப்பித் தள்ளும்போது இழு, செயோய் நாகே. நீல இட்லி கவிழ்ந்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

ஆனால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே டே ஆஷி பராய்க்காகத்தான்.

காலைத் தட்டிவிடுவது பார்ப்பதற்கு எளிது. எழுதிப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. கேமில் ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம். ஒரு கால் தூக்கி வைக்க 20 ஃப்ரேம். தரையைத் தொட்டபிறகு எடை அந்தக் காலுக்கு முழுதாக மாற 18 ஃப்ரேம். எடை பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை ஏறியிருக்கும்போது தட்டினால் கால் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் தட்டினால் எதிராளி காலை அப்படியே தூக்கிக்கொண்டு மறுகாலில் நிற்பான். பின்னால் தட்டினால் தூணில் உதைத்ததுபோல. அந்த நல்ல நேரம், கால் தரையைத் தொட்ட 2-வது ஃப்ரேமிலிருந்து 7-வது ஃப்ரேம் வரை. தட்டும் கால் அங்கே போய்ச் சேரவே 8 ஃப்ரேம் ஆகிறது. ஆக, பட்டனை அமுக்க வேண்டியது எதிராளியின் கால் இன்னும் காற்றில் இருக்கும்போது: தரையைத் தொட 6 ஃப்ரேம் இருப்பதிலிருந்து 1 ஃப்ரேம் இருப்பதற்குள். கண்ணால் பார்த்துக் கை அசைய எனக்கு 15 ஃப்ரேமாவது ஆகும். கால் இறங்குவதைப் பார்த்துவிட்டு அமுக்கினால் எப்போதும் தாமதம்தான். அடுத்த அடி எப்போது வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதை அவளுக்குக் காட்ட, கேமைப் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கினேன். பட்டாணி காற்றில் மெல்ல நகர்கிறது, இறங்குகிறது, எடை ஏற ஏற நிறம் அடர்கிறது. அவள் அமுக்கினாள். தட்டும் கால் போய்ச் சேர்வதற்குள் பட்டாணி கருநீலமாகிவிட்டது. மோதி நின்றது. திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு தரம். பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி, "அன்னைக்கு நான் இப்பதான் அமுக்கியிருக்கேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வேறெந்த வீச்சையும் தொடவில்லை. நான் எதிரே ஒரு பயிற்சிப் பொம்மை. வரிசையாக விழுந்தேன். எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்று கேட்டதற்கு, "நீங்க பிடிச்சதும் முதல்ல இடது கால்தான் வைப்பீங்க. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, இடது. எண்ணிக்கிட்டே இருக்கேன்" என்றாள். என் இட்லியின் மேலேயே கண்ணை வைத்திருந்த எனக்கு, என் பட்டாணிகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தது தெரியவில்லை.

அப்புறம் நான் நடக்கப் பழகினேன். சிரிக்க வேண்டாம், கேமில் நடக்க. சாலையில் நடப்பதுபோல் ஒரு காலைத் தாண்டி மறுகால் வைத்தால், இரண்டு பட்டாணியும் நெருங்கும் நேரத்தில் வீடு குறுகிவிடுகிறது, சும்மா ஊதினாலே விழலாம். ஜூடோவில் சுகி ஆஷி என்று ஒரு நடை உண்டு: முன்கால் நகரும், பின்கால் அதைத் தொடரும், தாண்டாது. தரையை உரசியபடியே. கல்லூரியில் இதை மேட்டின் நீளத்துக்கு மேலும் கீழுமாக நடக்க விட்டபோது, எப்போதடா எறியக் கற்றுத்தருவார்கள் என்று சலித்திருக்கிறேன். ஸ்டிக்கை முழுக்கத் தள்ளாமல் பாதி தள்ளினால் சின்னச் சின்ன அடியாக வைக்கும்படி மாற்றிக்கொண்டு, பதினைந்து நிமிடம் யாரையும் எறியாமல் வெறும் மேட்டைச் சுற்றி வந்தேன். நடுநடுவே ஓர் அடியை அரை நொடி தாமதித்தேன். அன்று இரவு ஸ்கோர் 11-க்கு 9. அவளுக்கு 11.

தரைப் பிடி இன்னும் சரியாக வரவில்லை. ஆள் விழுந்து இப்போன் கிடைக்காவிட்டால் ஓசாயேகோமி, அதாவது தரையில் அமுக்கிப் பிடிப்பது, தொடங்கும். 5 நொடி அமுக்கிப் பிடித்தால் யூக்கோ, 10-க்கு வாசா-ஆரி, 20-க்கு இப்போன் என்று விதிப்படி எழுதியாயிற்று. ஆனால் தப்பிக்க ஒரே வழி பட்டனை வேகமாகத் தட்டுவது. நான் எதை ஒழிக்க இத்தனை இரவு உட்கார்ந்தேனோ அதுவே பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கும் அது பிடிக்கவில்லை. விழுந்ததும் நடுவர்போல் "மாத்தே" (நிறுத்து) என்று கத்திவிட்டு எழுந்து நின்றுவிடுகிறாள்.

நான்காவது வாரம் வகுப்புக்குப் போனாள். அன்று ராத்திரி போன்.

"தட்டினேன் மாமா. விழல. ஆனா காலும் வலிக்கல."

"தூக்கிட்டாளா?"

"ஆமா. சீக்கிரம் தட்டிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமா, கேம்ல அந்த ஆறு ஃப்ரேம் ரொம்ப ஈஸியா இருக்கு. நாலாக்குங்க" என்றாள்.

ஆக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஆடினாள். நாலில் அவளுக்கு வருகிறது, எனக்கு இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை.